முயல் வளர்ப்பதானால் ஜோடியாகவே! காப்பகத்துக்குச் செல்லும் முன் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பெருநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒரு முயல் குட்டி" என்று சொல்லும் பிள்ளைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். நாய் வளர்க்க நம் வீடுகளில் தயக்கம் உண்டு. பூனை என்றால் ஒருவருக்கு ஒவ்வாமை, இன்னொருவருக்கு பயம். முயலோ சத்தம் போடாது, கடைக்குப் போனால் எளிதில் கிடைக்கும், பார்க்கவும் அழகு. சின்னக் கூண்டு ஒன்று போதும் என்ற எண்ணத்தில் பெற்றோரும் சம்மதித்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களில் சிலர், கடையில் வாங்குவதைவிடக் கைவிடப்பட்ட ஒரு பிராணிக்கு வீடு கொடுக்கலாமே என்ற நல்ல எண்ணத்துடன் விலங்குகள் காப்பகத்தை நாடுகிறார்கள். 1824ல் தொடங்கப்பட்ட ஆர்.எஸ்.பி.சி.ஏ., புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட முயல்களைப் பராமரித்து, தகுந்த குடும்பங்களிடம் ஒப்படைக்கின்றன. அங்கே போனதும் பலருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. "இந்த இரண்டும் ஜோடி. கொடுத்தால் சேர்த்துத்தான் கொடுப்போம்" என்கிறார்கள் ஊழியர்கள். ஒன்றுக்காகப் போனவர்களுக்கு இது கூடுதல் சுமையாகத் தோன்றலாம். "ஒன்றை மட்டும் தந்தால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்கான பதிலைப் புரிந்துகொண்டால், முயல் வளர்ப்பு பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும்.

தனி முயல் ஏன் கூடாது?

நாம் வீட்டில் வளர்க்கும் முயல்கள் எல்லாமே ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. காட்டில் இவை மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கின்றன. பருந்து, நரி, கீரி இனங்கள் என்று எல்லாவற்றுக்கும் இரையாகும் பிராணி என்பதால், கூட்டமே அதன் பாதுகாப்பு. ஒன்று மேயும்போது இன்னொன்று காது நிமிர்த்திக் கவனிக்கும். ஆபத்து தெரிந்தால் பின்னங்காலால் தரையில் ஓங்கித் தட்டி மற்றவற்றுக்கு எச்சரிக்கை கொடுக்கும்.

தனியாக அடைக்கப்பட்ட முயலுக்கு இந்தக் காவல் துணை கிடையாது. அதனால் எப்போதும் ஒரு பதற்றத்துடனேயே இருக்கும். சில முயல்கள் கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கும், சில மூலையில் சுருண்டு கிடக்கும், சில கையை நீட்டினாலே கடிக்க வரும். "எங்கள் முயல் ரொம்ப சாது, ஒரு இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்" என்று சொல்லப்படும் முயல்களில் பல உண்மையில் சாதுவானவை அல்ல. துணையின்றிச் சோர்ந்துபோனவை.

மனிதர்கள் அன்பாக நடந்துகொண்டால் போதாதா? பள்ளிக்கூடம், வேலை, மதரஸா என்று பகலில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. இரவில் எல்லோரும் உறங்கிவிடுகிறோம். ஒரு நாளில் ஒரு மணி நேரம் கொஞ்சினாலும், மீதி 23 மணி நேரம் அது தனியாகத்தான் இருக்கிறது. மேலும், ஒரு முயல் இன்னொரு முயலின் நெற்றியையும் காதையும் நக்கிச் சுத்தம் செய்வதையோ, குளிர் இரவில் உடலோடு உடல் ஒட்டிப் படுப்பதையோ நம்மால் ஈடுசெய்ய முடியாது. கினி பன்றியைத் துணைக்கு விடலாம் என்று சிலர் நினைப்பதும் தவறு. இரண்டின் உணவும் வேறு, உடல் மொழியும் வேறு. முயலின் உதையால் கினி பன்றிக்குக் காயமும் ஏற்படலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ஒரு பிராணியை வளர்ப்பவர் நிறைவேற்ற வேண்டிய தேவைகளைப் பட்டியலிடுகிறது. தகுந்த இருப்பிடம், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றோடு, மற்ற பிராணிகளுடன் சேர்ந்தோ பிரிந்தோ வாழ வேண்டிய தேவையையும் அது சேர்த்துச் சொல்கிறது. முயலைப் பொறுத்தவரை அந்தத் தேவை, இன்னொரு முயல்.

இணைபிரியா ஜோடி எப்படி உருவாகிறது?

இரண்டு முயல்களை ஒரே கூண்டில் விட்டால் அவை ஜோடியாகிவிடும் என்று எண்ணக் கூடாது. முயல்களுக்கு எல்லை உணர்வு மிக அதிகம். அறிமுகமில்லாத இரண்டை நேரடியாகச் சேர்த்தால், ஒன்றையொன்று கடித்துக் கிழித்துப் பெரிய காயங்களை உண்டாக்கிவிடும்.

ஆகவே காப்பகங்களில் இதைப் படிப்படியாகச் செய்கிறார்கள். முதலில் இரண்டுக்கும் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடக்கும். அதன்பின் உடலில் ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஆண் முயலுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகும் சுமார் 6 வாரங்கள் வரை இனப்பெருக்கத் திறன் இருக்கலாம் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியம். பிறகு கம்பி வலைக்கு இருபுறமும் அடுத்தடுத்து வைத்து, ஒன்றின் வாசனை மற்றொன்றுக்குப் பழகும்படி படுக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதன் பிறகே, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு புதிய இடத்தில், ஆள் கூடவே இருந்து கவனிக்க, சேர்த்து விடுவார்கள். சில ஜோடிகளுக்குச் சில நாட்கள் போதும். சிலவற்றுக்கு மாதங்கள் பிடிக்கும். சில சேர்வதே இல்லை.

ஒன்றையொன்று நக்கிவிடுதல், ஒரே தட்டில் உண்ணுதல், ஒட்டிப் படுத்தல் இவையெல்லாம் வந்துவிட்டால், அது இணைபிரியா ஜோடி. பெரும்பாலும் கருத்தடை செய்யப்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணுமே மிக நன்றாகப் பொருந்துகின்றன.

கடையில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை வாங்கி வந்தால் இந்தச் சிரமம் இல்லையே என்று கேட்கலாம். குட்டிகளாக இருக்கும்போது கட்டிப்பிடித்துத் தூங்கும் இரண்டு ஆண் முயல்கள், பருவம் எட்டியதும் கடுமையாகச் சண்டையிடுவது மிகச் சாதாரணம். ஆணும் பெண்ணுமாக இருந்தால் வேறு பிரச்சினை. முயலின் கர்ப்ப காலம் சுமார் 31 நாட்கள்தான், ஈன்ற உடனேயே மீண்டும் கருத்தரிக்கவும் அதற்கு முடியும். காப்பகங்கள் நிரம்பி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காப்பகத்தில் கிடைக்கும் ஜோடிக்குப் பொதுவாகக் கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப், உடல் பரிசோதனை எல்லாம் முடிந்திருக்கும். அவர்கள் கேட்கும் கட்டணம், இவற்றைத் தனியாரிடம் நாமே செய்தால் ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. எல்லாவற்றையும்விட, பல வார உழைப்பில் உருவான அந்தப் பிணைப்பு நமக்கு ஆயத்தமாகக் கிடைக்கிறது. அதைப் பிரித்து ஒன்றை மட்டும் கேட்பது, அந்த உழைப்பையும் இரண்டு உயிர்களின் நிம்மதியையும் சேர்த்தே கலைப்பதாகும்.

மார்க்கம் தரும் வெளிச்சம்

பிராணியை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்கும்போது நம் ஆலிம்கள் நினைவூட்டும் ஒரு சம்பவம் உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் சிறு வயதுத் தம்பி அபூ உமைர் ஒரு குருவியை வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அன்புடன் விசாரித்ததும் ஹதீஸ்களில் வருகின்றன. அதே அனஸ் (ரலி) அவர்கள், மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் தாம் ஒரு முயலைத் துரத்திப் பிடித்ததையும், அபூ தல்ஹா (ரலி) அவர்கள் அதை அறுத்து ஒரு பகுதியை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் ஏற்றுக்கொண்டதையும் அறிவித்துள்ளார்கள். எனவே முயல் இறைச்சி ஹலால் என்பதில் ஐயமில்லை.

ஆனால் காப்பகத்திலிருந்து பெறும் முயல் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் வருகிறது. வளர்ப்புப் பிராணியாகவே வைத்திருப்பேன், இரண்டையும் பிரிக்க மாட்டேன், பராமரிக்க முடியாமல் போனால் காப்பகத்துக்கே திருப்பித் தருவேன் என்பது போன்ற நிபந்தனைகளில் நாம் கையெழுத்திடுகிறோம். வாக்குறுதி யாரிடம் கொடுத்தாலும் வாக்குறுதிதான்.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், அது தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அனைவரும் அறிவோம். அதில் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பிராணியை அடைத்து வைக்கும்போது, அது தானாகத் தேடிக்கொள்ளக்கூடிய வழியை நாம் அடைக்கிறோம். அந்த நொடியிலிருந்து அதைக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையதாகிறது. காட்டில் இருந்திருந்தால் முயல் தன் புல்லைத் தானே தேடியிருக்கும், தன் துணையையும் தானே தேடியிருக்கும். புல்லைக் கொடுக்கும் நாம் துணையையும் யோசிக்க வேண்டாமா?

எவ்வளவு இடம் வேண்டும்?

கடைகளில் விற்கும் சிறு மரக்கூண்டு முயலுக்கு வீடாகாது. பிரிட்டனின் ரேபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் அண்ட் ஃபண்ட் என்ற அமைப்பு, ஒரு ஜோடிக்குக் குறைந்தபட்சம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் கொண்ட இடம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்கிறது. நிமிர்ந்து நிற்கவும், சில தாவல்கள் ஓடவும், ஒளியவும் அதில் இடம் இருக்க வேண்டும். காப்பகங்களில் பல, நம் வீட்டின் படங்களைக் கேட்டோ நேரில் வந்தோ இதை உறுதி செய்துகொள்கின்றன. அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பதில்லையா, அது போலத்தான்.

தோட்டம் இல்லாத அடுக்குமாடி வீட்டிலும் முயல் வளர்க்கலாம். ஒரு அறையின் பகுதியைத் தடுப்பு வைத்து ஒதுக்கினால் போதும். மின்கம்பிகளைக் கடித்துவிடும் என்பதால் அவற்றை மூடி வைக்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் அழைத்து வந்து, பிறகு திருப்பிக் கொடுக்க நேர்வது முயலுக்கும் பிள்ளைகளுக்கும் வேதனை.

முயல்கள் தம் கழிவை ஒரே இடத்தில் போடும் இயல்புடையவை. கருத்தடை செய்யப்பட்டவை ஒரு தட்டில் கழிக்க எளிதில் பழகிவிடும். ஆனாலும் தொழும் இடத்தையும் தொழுகை விரிப்புகளையும் அவை வராத பகுதியில் வைத்துக்கொள்வது நல்லது. முடி, கழிவு பற்றிய சுத்தத்தின் சட்டங்களில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. உங்கள் பகுதி ஆலிமிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

முயல்கள் விடியலிலும் அந்தி நேரத்திலும்தான் துள்ளி விளையாடும். பகலில் பெரும்பாலும் ஓய்வெடுக்கும். ஃபஜ்ருக்கு எழும் வீடுகளுக்கு இது பொருத்தமான பழக்கம். புல் வைக்கவும், இரண்டும் நலமாக உள்ளனவா என்று பார்க்கவும் அதுவே நல்ல நேரம்.

உணவு: காரட் அல்ல, காய்ந்த புல்

படக்கதைகளில் முயல் என்றாலே காரட்தான். உண்மையில் காரட்டில் சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு கொடுக்கலாம், அவ்வளவுதான். முயலின் உணவில் பெரும்பகுதி ஹே எனப்படும் காய்ந்த புல்லாகவோ பச்சைப் புல்லாகவோ இருக்க வேண்டும். அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை மணிக்கணக்கில் அரைத்து மெல்லும்போதுதான் அவை தேயும். புல் குறைந்தால் பல் நீண்டு கன்னத்தையும் நாக்கையும் குத்தி, சாப்பிட முடியாமல் செய்துவிடும்.

தினமும் ஒரு கைப்பிடி கீரை கொடுக்கலாம். நம் சமையலறையில் இருக்கும் கொத்தமல்லியும் புதினாவும் முயலுக்கு மிகவும் பிடித்தவை. பெல்லட் எனும் தீனியை அளவோடுதான் கொடுக்க வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம் போதும். வெங்காயம், பூண்டு, அவகாடோ, உருளைக்கிழங்குச் செடியின் இலை, ருபார்ப் இலை ஆகியவை ஆகவே ஆகாது. சோறு, ரொட்டி, பிஸ்கட் போன்றவற்றையும் பிள்ளைகள் ஆசையாகக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோயும் மருத்துவமும்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாமலோ கழிவு போடாமலோ இருந்தால் அது அவசரநிலை. "நாளை பார்க்கலாம்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இரையாகும் பிராணி என்பதால் வலியை மறைப்பது அதன் இயல்பு. ஜோடியாக இருக்கும்போது, ஒன்று வழக்கம்போல் ஓடிவந்து உண்ண, மற்றொன்று விலகி இருந்தால் உடனே கண்ணில் படும்.

பிரிட்டனில் மிக்சோமடோசிஸ் என்ற நோய் 1953 முதல் இருந்து வருகிறது. தெள்ளுப்பூச்சியாலும் கொசுவாலும் பரவுகிறது. முயல் ரத்தக்கசிவு நோய் எனும் இன்னொரு வைரஸ் நோயும் உண்டு. 1984ல் சீனாவில் முதலில் கண்டறியப்பட்ட இது, 2010ல் பிரான்சில் புதிய வகையாகவும் தோன்றியது. அறிகுறி எதுவும் தெரியாமலே உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டுக்குள்ளேயே வளர்க்கும் முயலுக்கும் வரலாம், ஏனெனில் நம் காலணியிலும் தீனிப் புல்லிலும் கிருமி ஒட்டிவரும். இவற்றுக்கெல்லாம் தடுப்பூசி இருக்கிறது. ஆண்டுதோறும் இரண்டுக்கும் போட வேண்டும். கோடையில் பின்பகுதியில் அழுக்கு சேர்ந்தால் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும், எனவே தினமும் பார்த்துச் சுத்தம் செய்வது அவசியம். வெப்பமும் முயலுக்கு ஆகாது. கோடை நாட்களில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கட்டாயம்.

ஒன்றுக்கு மட்டும் உடல்நலமில்லை என்றாலும், மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்தே கொண்டு செல்லுங்கள். ஒன்று தனியாகப் போய், மருத்துவமனை வாசனையுடன் திரும்பினால், மற்றது அதை அந்நியனாக நினைத்துச் சண்டைக்கு வருவதுண்டு. பல மாத உறவு ஒரு பிற்பகலில் முறிந்துபோகலாம்.

பிள்ளைகளின் முயல், பெற்றோரின் பொறுப்பு

முயலைத் தூக்கிக் கொஞ்சுவதே பிள்ளைகளின் ஆசை. ஆனால் பெரும்பாலான முயல்களுக்குத் தூக்கப்படுவது பிடிக்காது. பருந்து தூக்குவது போன்ற பயம் அதற்கு. திமிறி உதைக்கும்போது கீழே விழுந்தோ, உதையின் வேகத்திலோ அதன் முதுகெலும்பு முறிந்துவிடக்கூடும். தரையில் அமைதியாக உட்கார்ந்து, அவை தாமாக வரும்வரை காத்திருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பொறுமையைப் பழக்க இதைவிட நல்ல பாடம் வேறில்லை. இரண்டு முயல்களும் ஒன்றோடொன்று விளையாடுவதையும், ஒன்று தலையைத் தாழ்த்தி நிற்க மற்றது நக்கிவிடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பதே பிள்ளைகளுக்குப் போதுமான மகிழ்ச்சி.

முயல்கள் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. இன்று 8 வயதுப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கும் முயல், அவன் பல்கலைக்கழகம் செல்லும்போதும் உயிருடன் இருக்கலாம். அப்போது புல் வைப்பது யார்? சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் பிராணிக்கு, அப்பிள்ளையைப் பராமரிப்பவரே பொறுப்பாளர். ஆகவே உம்மாவும் வாப்பாவும் "இது எங்கள் முயல்" என்று மனதார ஏற்றுக்கொள்ள முடிந்தால் மட்டுமே முடிவெடுங்கள்.

ஊருக்குப் போகும்போது

நம் குடும்பங்கள் மறந்துவிடும் ஒன்று இது. கோடை விடுமுறையில் 4, 6 வாரங்கள் என்று ஊருக்குப் போகிறோம். உம்ராவுக்கும் போகிறோம். அந்த நாட்களில் முயல்களை யாரிடம் விடுவது? இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து பார்க்கும் நண்பர் போதாது. தினமும் இருமுறை பார்க்க வேண்டும். முயல்களுக்கான தங்குமிடங்கள் பல இருக்கின்றன, ஆனால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், முன்பதிவும் தேவை. அங்கும் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே இதற்கும் ஏற்பாடு செய்துவிடுவது நல்லது.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

ஜோடியைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

- இரண்டும் எத்தனை காலமாகச் சேர்ந்திருக்கின்றன?
- இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டதா? கடைசித் தடுப்பூசி எப்போது?
- பல், குடல் தொடர்பாக முன்பு ஏதேனும் நோய் இருந்ததா?
- இதுவரை என்ன உணவு? முதல் சில வாரங்களுக்கு அதையே தொடரலாமா?
- சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இவை பழகியவையா?
- பிற்காலத்தில் ஒன்று இறந்தால், மற்றதற்குத் துணை தேட உதவுவீர்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். இரண்டும் ஒரே நாளில் இறப்பதில்லை. ஒன்று மரணித்தால், அதன் உடலைச் சிறிது நேரம் மற்றதன் அருகில் விட்டு வைக்கும்படி அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். துணை எங்கோ காணாமல் போனதாக அது தேடி அலையாமல் இருக்க இது உதவும். தனித்துப்போன முயல் சாப்பிடுகிறதா என்று அந்த நாட்களில் கூர்ந்து கவனிக்க வேண்டும். பின்னர் காப்பகத்தின் உதவியுடன் அதற்குப் புதிய துணை தேடலாம். வயதான முயலும் புதிய துணையை ஏற்றுக்கொள்வதுண்டு.

முடிவாக

இவ்வளவையும் படித்தபின், "இது நம்மால் ஆகாது" என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதில் குறைவொன்றும் இல்லை. அதுவும் அந்தப் பிராணிகளுக்குச் செய்யும் நன்மைதான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காப்பகத்தில் தொண்டு செய்ய வாய்ப்பிருக்கிறதா என்று கேட்கலாம், நல்ல புல் வாங்கிக் கொடுக்கலாம்.

"ஆகும்" என்று முடிவெடுப்பவர்கள், ஒன்றைக் கேட்டு நிற்காமல் இரண்டுக்குமாக வீட்டைத் தயார் செய்யுங்கள். இடம் ஏறக்குறைய அதேதான், வேலையும் பெரிதாகக் கூடுவதில்லை. கூடுவது தீனி, தடுப்பூசி, மருத்துவச் செலவு. அதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக, நாம் வேலைக்கும் பள்ளிக்கும் பள்ளிவாசலுக்கும் போயிருக்கும் நேரங்களில், வீட்டில் ஓர் உயிர் தனித்துக் கிடக்கவில்லை என்ற நிம்மதி நமக்குக் கிடைக்கும். பேச வாயில்லாத உயிர்கள் விஷயத்தில் நம் பொறுப்பை உணர்ந்து நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக.